பாப்ளர் பலகையும் பரம்பொருளும்

தீக்குச்சி, பழப்பெட்டி, பிளைவுட். பாப்ளர் மரத்துக்கு இன்று வாய்த்திருக்கும் வேலைகள் பெரும்பாலும் இவைதான். மளமளவென்று வளரும், எடை குறைவு, வலுவும் குறைவு. ஆனால் இடைக்கால, மறுமலர்ச்சிக்கால இத்தாலியில் கடவுளை வரைய எடுத்த பலகை பெரும்பாலும் இதுதான். தாராளமாகக் கிடைத்தது, அவ்வளவுதான். மோனாலிசா சிரிப்பதும் ஒரு பாப்ளர் பலகையில்தான்.

13ஆம் நூற்றாண்டில் சிமாபூவே தீட்டிய, ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயச் சிலுவையும் இதே மரம். நாலு மீட்டருக்கு மேல் உயரம். மரத்தின்மேல் துணி, துணியின்மேல் ஜிப்சமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதற்கும் மேலேதான் வண்ணம். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தது. வீடுகளைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெயும் சேறும் கலந்த தண்ணீரில் சிலுவை ஊறியது. மரம் உப்பியது, பசை இளகியது, வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது. பாதிக்கு மேல் போயிற்று.

ஊறிய மரம் காயும்போது சுருங்கி, மிச்ச வண்ணத்தையும் நொறுக்கிவிடும். அதனால் வண்ணத்தைத் துணியோடு சேர்த்து உரித்தெடுத்தார்கள். வெற்று மரச் சிலுவை ஒரு பக்கம். கிறிஸ்துவின் உருவம் தோலாக இன்னொரு பக்கம். பக்தர் எதன்முன் மண்டியிடுவது?

787இல் கூடிய கிறிஸ்தவ ஆயர்களின் இரண்டாம் நைசியா சங்கம் ஒருவகையில் பதில் சொல்லியிருக்கிறது: படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தோடு நிற்காது, படத்தில் இருப்பவரைச் சென்றடையும். அந்தக் கணக்கில் மரமும் வண்ணமும் வெறும் தபால்காரர்கள். அப்படியானால் சேற்றில் உதிர்ந்த செதில்களை ஏன் பொறுக்கினார்கள்? புதிதாக ஒன்று வரைந்து மாட்டியிருக்கலாமே!

கலைப்பொருள் அல்லவா என்று சொல்லித் தப்பிக்கலாம். சங்கத்துக்கு முன்பே எழுதிய இறையியலாளர் தமஸ்கு யோவான் அப்படித் தப்பிக்கவில்லை. கடவுளே உடலெடுத்து வந்த பிறகு சடப்பொருளை இழிவாகப் பேச முடியாது, சிலுவையின் மரமும் மதிப்புக்குரியதே என்பது அவர் கட்சி. பொறுக்கியவர்களின் விரல்கள் அவர் பக்கம்தான் இருந்தன.

1976இல் சிலுவை திரும்பியது. வண்ணம் போன இடத்தில் யாரும் கற்பனையாக முகம் வரையவில்லை. பல நிற மெல்லிய கோடுகளை இழைத்தார்கள். தூரத்தில் நின்றால் நிறம் ஒன்றிவிடும், கிட்டே போனால் காயம் தெரியும். இதை ஏற்காதவர்களும் உண்டு.

அதே வெள்ளத்தில் மூழ்கிய, ஓவியர் வசாரியின் ‘இறுதி இராவுணவு’, ஐந்து பாப்ளர் பலகைகள், சாந்தா குரோச்சேவுக்குத் திரும்ப 2016 ஆயிற்று. ஆறு மறுபடி பெருகினால் ஓவியத்தை உயரே தூக்கிவிட ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்.