முதல் ஓட்டமும் முடிந்த தீர்ப்பும்

“முதல் ஓட்டத்திலே நான்காவதாகத்தான் வந்தது. ஆனால், தாய் வழியும் நல்ல வழி, தந்தை வழியும் நல்ல வழி. அடுத்த பந்தயத்திலே முந்தும், எழுதி வைத்துக் கொள்ளுங்கள்!”

திண்டிவனத்திலே வண்டியேறி விழுப்புரம் திரும்பும் மாலையொன்றிலே, எதிரே அமர்ந்திருந்த பெரியவர், பத்திரிகையிலிருந்த குதிரைக் குட்டியின் படத்தைக் காட்டி இப்படிக் கூறினார். இளமையிலே கிண்டித் திடலுக்குத் தவறாமல் சென்றவராம்.

பந்தயத்திலே பணம் கட்டுவதை நாம் வெறுப்பவர்கள். பல குடும்பங்களின் அடுப்பை அணைத்த ஆட்டம் அது! 1974 இலே தமிழக அரசு அதைத் தடுக்கச் சட்டம் இயற்றிற்று. 1996 இலே உச்ச நீதிமன்றமோ, குதிரையின் ஆற்றலும் பயிற்சியும் ஏறிச் செலுத்துவோன் திறனும் சேர்ந்தே வெற்றியைத் தருகின்றன, எனவே இது சூதன்று, திறமையாட்டமே என்றது. இருக்கட்டும். அந்தத் திறமை எவ்வளவு தொலைவு காணும்?

பந்தயக் குதிரையின் குலமுறை ஏட்டுக்கு இணையான ஏடு மாமன்னர்க்கும் இல்லை. உலகெங்குமுள்ள அவ்வினக் குதிரைகளின் தந்தை வழி, முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட மூன்றே குதிரைகளிலே சென்று முடிகிறது. அவ்வேட்டையும் பார்த்து, ஓட்டத்தையும் பார்த்து, 2006 இலே அமெரிக்காவில் ‘கிரீன் மங்கி’ என்ற இரண்டு வயதுக் குட்டியை 1 கோடியே 60 இலட்சம் டாலருக்கு வாங்கினர். ஏலத்துக்கு முன் ஒரு பர்லாங்கைப் பத்து நொடிக்குள் கடந்த குட்டி! பிறகு? மூன்றே முறை ஓடிற்று; ஒன்றிலும் வெல்லவில்லை. ‘நார்தர்ன் டான்சர்’ என்ற குள்ளக் குட்டிக்கோ, ஓராண்டுப் பருவத்திலே 25,000 டாலர் கொடுக்க ஆளில்லை. 1964 இலே கென்டக்கி டெர்பியை வென்றது அதுதான்.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் அடுக்கினோம். விக்கிரவாண்டி தாண்டியதும் வாயடைத்துப் போனோம். நம் பையிலே ஒன்பதாம் வகுப்பின் காலாண்டு விடைத்தாள்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின்மீது, திருத்துமுன்னரே, ‘தேறமாட்டான்’ என்று நம் மனம் எழுதிவிட்டிருந்தது! முதல் தேர்விலே எட்டு மதிப்பெண் பெற்றவன். செங்கற்சூளைக்குப் பெற்றோருடன் சென்று மாதக்கணக்கிலே வராதவன். அந்த எட்டைக் கண்டா எழுதினோம், பதிவேட்டிலே தந்தையின் தொழிலைக் கண்டா? பிறப்பினால் மனிதனை அளக்காதீர் என்று மேடையிலே முழங்கிய நாக்கு நம்முடையது!

மதிப்பிடாமல் பாடம் நடத்த இயலுமோ? இயலாது. குதிரைப் பயிற்சியாளனும் குட்டியின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தே நாளை எவ்வளவு ஓட்டுவதென முடிவு செய்கிறான். கணிப்புப் பிழைத்தால் மறுநாள் காலையே திருத்திக் கொள்வான். பணம் கட்டியவன் அப்படியல்லன். தன் கணிப்புப் பலிக்க வேண்டும் என்பதே அவன் கவலை. ‘தேறமாட்டான்’ என்று எழுதிய ஆசிரியன், பையன் தோற்ற அன்று உள்ளூர மகிழ்வானன்றோ? ‘அன்றே சொன்னேன்’ என்று ஓய்வறையிலே கூறும் குரல்களை நாம் கேட்டிருக்கிறோம். நம் குரலும் அவற்றுள் உண்டு.

முண்டியம்பாக்கத்திலே பெரியவர் இறங்கினார். பெயருள்ள முகப்பை மடித்து மறைத்து, அந்தத் தாளைத் திருத்தினோம். முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு இன்னும் நான்கு வேண்டும். கட்டுரை வினாவை அவன் தொடவேயில்லை. எப்படித் தொடங்குவதென்று அவனுக்கு எவரும் காட்டவில்லை போலும். நாமும் காட்டவில்லை. திங்களன்று அங்கிருந்து தொடங்க வேண்டும், அவன் சூளைக்குப் போகாதிருந்தால்.