தாங்குவதா, திரும்புவதா?

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகக் கேரள எல்லையைக் கடந்தால் முதலமடை. மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற இவ்வூரை அடுத்து நெல்லியாம்பதி மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. கோடையில் அடிவாரத்தில் அனல் வீசும். ஆனால் 1,000 மீட்டர் மேலே சென்றால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறைந்துவிடும். பிற்பகலில் இடியுடன் கோடைமழை இறங்கி, காற்றும் சேர்ந்துகொண்டால், காலையில் வியர்த்தவனே மாலையில் நடுங்குவான்.

நண்பர்கள் சிலர் நெடுந்தொலைவு காரில் பயணம் செய்து, உரிய அனுமதி பெற்று, இத்தகைய மலையில் பாறை ஏற வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடைதானே என்று மெல்லிய உடையுடன் வந்துவிட்டார்கள். பாதி ஏறிய நிலையில் குளிர்மழை பிடித்துக்கொள்கிறது. 'திரும்பிவிடலாம்' என்கிறார் ஒருவர். 'இவ்வளவு தூரம் வந்தது இதற்காகவா? கொஞ்சம் பொறுத்துக்கொள்' என்கிறார் மற்றொருவர். இருவரில் தைரியசாலி யார்?

இந்தக் கேள்வி மலையேறுபவர்களுக்கு மட்டும் உரியதன்று. துன்பத்தைத் தாங்குவது எப்போது தவம், எப்போது வெறும் பிடிவாதம் என்பது ஒவ்வொருவர் வாழ்விலும் எழுகின்ற கேள்வி.

இரு வலிமைகள்

வேதாந்தம் ஆன்மிக சாதகனுக்குரிய ஆறு செல்வங்களுள் ஒன்றாகத் திதிக்ஷையைக் கூறுகிறது. குளிர், வெப்பம் போன்ற இரட்டைகளைப் புலம்பாமல் பொறுத்துக்கொள்வது அது. பொறுமையைச் சொன்னவரின் பக்கமே சாஸ்திரம் இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அதே பட்டியலில் உபரதியும் இடம்பெற்றுள்ளது. புறப்பொருள்களில் ஓடும் மனம் ஓய்ந்து விலகி நிற்பதே உபரதி. முன்னது தாங்கும் வலிமை. பின்னது விடும் வலிமை. இரண்டும் ஒருவனிடமே அமைய வேண்டும் என்பதுதான் சாஸ்திரத்தின் எதிர்பார்ப்பு.

எதை எப்போது கைக்கொள்வது என்று தீர்மானிப்பது விவேகம். முன்செல்லுதல், விலகுதல் ஆகிய இரண்டையும் அறிந்த புத்தியையே கீதையின் 18-ஆம் அத்தியாயம் சாத்விகமானது என்கிறது. திருவள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வலிமை இருந்தால் மட்டும் போதாது. அதன் எல்லையும் தெரிய வேண்டும், காலமும் இடமும் பொருந்த வேண்டும்.

குளிரின் சூழ்ச்சி

ஆனால் இந்த விவேகம் வேண்டிய நேரத்தில் நம்முடன் இருக்குமா? குளிர் இங்கே ஓர் அரிய பாடத்தைக் கற்பிக்கிறது. நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஆபத்தானது என்கிறது மருத்துவம். இதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. நனைந்த உடையும் காற்றும் களைப்புமே போதும். முதலில் நடுக்கம் வருகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, பிறகு சிந்தனை மந்தமாகிறது. தன் சிந்தனை மந்தமாகிவிட்டதைப் பாதிக்கப்பட்டவர் பல வேளைகளில் உணர்வதே இல்லை. தீர்ப்புக் கூற வேண்டிய நீதிபதியே மயங்கிவிடுகிறார்!

கோபமும் பேராசையும் நம்மிடம் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே எங்கே நிற்பது என்பதைப் புத்தி தெளிவாக இருக்கும்போதே, அதாவது அடிவாரத்திலேயே, முடிவு செய்துவிட வேண்டும். இன்ன நேரத்திற்குள் சிகரத்தை அடையாவிட்டால் திரும்புவது என்று அனுபவமிக்க மலையேறிகள் முன்கூட்டியே வரையறுத்துக் கொள்வது இதனால்தான்.

ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த யோரான் க்ரோப் 1995 அக்டோபரில் சைக்கிளில் புறப்பட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து நேபாளத்தை அடைந்தார். 1996 மே மாதத் தொடக்கத்தில் எவரெஸ்ட் சிகரத்திற்குச் சுமார் 100 மீட்டர் கீழே நின்றார். பொழுது கடந்துவிட்டது, மேலே சென்றால் இருளில் இறங்க நேரும். அவர் திரும்பிவிட்டார். சில நாட்களில், மே 10 அன்று வீசிய புயலில் அம்மலையில் எட்டுப் பேர் இறந்தனர். மே 23 அன்று அவர் சிகரத்தை அடைந்தார்.

அவர் பிற்பாடு வென்றதால்தான் அன்று திரும்பியது சரியா? இல்லை. 2002-இல் ஒரு பாறை ஏற்றத்தின்போது விழுந்து அவர் இறந்தார். திரும்பத் தெரிந்தவருக்கும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஒரு முடிவின் தகுதி அதன் பலனால் அமைவதன்று; எடுத்த நேரத்தில் அது எவ்வளவு தெளிவிலிருந்து பிறந்தது என்பதால் அமைவது.

எவரும் தனியே ஏறுவதில்லை

முதலமடை அமைந்துள்ள பாலக்காடு மாவட்டத்திலேயே, மலம்புழா அருகிலுள்ள குறும்பாச்சி மலையில் 2022 பிப்ரவரியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஓர் இளைஞர் பாறை இடுக்கில் சிக்கி, உணவும் நீருமின்றி, பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் ஏறத்தாழ 45 மணி நேரம் தவித்தார். ஹெலிகாப்டரால் அவரை மீட்க இயலவில்லை. இறுதியில் ராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கி அவரை மீட்டனர். அவருடைய மனவுறுதி போற்றத்தக்கது. அவருக்காகத் தங்கள் உயிரைக் கயிற்றில் தொங்கவிட்டவர்களையும் நினைக்க வேண்டும். நம் துணிவு தவறிப்போகும்போது அதன் விலையை நாம் மட்டும் செலுத்துவதில்லை.

அப்படியானால், கஷ்டம் வந்தவுடன் எதையும் விட்டுவிடலாமா? கூடாது. சோம்பலும் விவேகத்தின் உடையை அணிந்து வரக்கூடும். அப்போது இரண்டு கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். இவ்வளவு தூரம் வந்திராவிட்டால், இந்த நிலைமையில் இதைப் புதிதாகத் தொடங்குவேனா? நான் பொறுத்துக்கொள்வதால் காக்கப்படுவது என் நோக்கமா, அல்லது என் பெயரா?

நஷ்டத்தில் நடக்கும் தொழிலிலும், தலைமுறை தாண்டிய சொத்து வழக்கிலும், பேச்சுவார்த்தை நின்றுபோன உறவிலும் இக்கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். விடை நோக்கத்தைக் காட்டினால், பல்லைக் கடித்துக்கொண்டு மேலே செல்வோம். பெயரைக் காட்டினால், தலைகுனியாமல் இறங்குவோம். மலை அங்கேயே இருக்கும்.