பின்னும் வாரும்

பட்டறையில் மேஸ்திரி வீசியெறிந்த ஒரு ஸ்பிளிட் பின் சங்ககிரி லாரிக்காரர் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறது.

லாரி பழையது. நாற்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் வெடவெடக்கும். ஜாக்கி போட்டு முன்வீலைத் தூக்கியதும் மேஸ்திரி மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்றது. பையனை ஏறி பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டினார். பேரிங் லூசு என்றால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிடும். நிற்கவில்லை, கிங் பின் தேய்ந்திருந்தது. கேஸில் சூடுகாட்டி, சம்மட்டியால் அடித்துப் பழையதை இறக்கி, புது புஷ் ஏற்றி, ரீமர் ஓட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

கடைசியில் டை ராடு எண்டு. தரையில் கிடந்த பழைய ஸ்பிளிட் பின்னை லாரிக்காரர் பொறுக்கி நீட்டினார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மேஸ்திரி வாங்கிய வேகத்தில் குப்பையில் எறிந்தார். "ஒருக்கா மடக்குன பின்னுங்க. மறுக்கா மடக்குனா முறிஞ்சு போயிரும். ஓட்டத்துல நட்டு கழண்டா ஸ்டியரிங் ஒரு பக்கம், வீலு ஒரு பக்கம். எதுக்கால வர்றவன் என்னங்க பாவம் பண்ணுனான்?"

புதுப் பின்னுக்கு ஓட்டை நேராக வரவில்லை. நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் வந்துவிடும். அவர் தளர்த்தவில்லை, நட்டின் அடுத்த வெட்டு ஓட்டைக்கு நேராக வரும்வரை இறுக்கித்தான் பின்னைப் போட்டார்.

பிறகு கைகால் கழுவிக்கொண்டு பைக்கை உதைத்தார். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தார். வாரைப் போடவில்லை. இரண்டு பக்கமும் வார் தொங்க, ஹைவேயில் ஏறிப் போய்விட்டார்.

வார் போடாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னால் பறந்துவிடும். சில ரூபாய் பின்னுக்கு அத்தனை கறார் காட்டிய மனிதருக்கு இது தெரியாதா? லாரிக்காரர் மனசு இந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது.

எப்போதோ படித்த ஒரு செய்தி அவருக்கு அரைகுறையாக நினைவிருக்கிறது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தில் சைக்கிளில் வந்த இரண்டு பையன்களுக்காக விலகப்போய் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டார். தலையில் அடி, ஆறாம் நாள் இறந்தார். பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் இதை மறக்கவில்லை. ராணுவத்தில் பைக் ஓட்டியவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை எழுதினார். ஆனால் பிரிட்டனில் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது 1973இல்தான். கெய்ர்ன்ஸ் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் மோசம். 2022இல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் போனவர்கள் மட்டும் 50,029. அமெரிக்காவில் மைலுக்கு மைல் ஒப்பிட்டால், காரில் போகிறவரைவிட பைக்கில் போகிறவர் இறப்பது இருபது மடங்குக்கும் மேல்.

ஆக, கார்தான் நல்லது என்று முடித்துவிடலாம். லாரிக்காரரும் அப்படி நினைத்துத்தான் கார் வாங்கினார். ஆனால் மேஸ்திரி சொன்ன 'எதுக்கால வர்றவன்' குறுக்கே வந்து நிற்கிறான். காருக்குள் இருப்பவரைக் காப்பதில் தகடு, பெல்ட், பலூன் எல்லாவற்றுக்கும் பங்குண்டு, எடைக்கும் உண்டு. அந்த எடை முட்டும்போது அடி வாங்குவது எதிரே இருக்கிற லேசான ஆள். பெல்ட் போட்டால் லாரிக்காரருக்கே ஆக்சிலரேட்டர் கொஞ்சம் கூடத்தான் அமுங்குகிறது. பாதுகாப்புச் சாதனங்கள் ஓட்டுநருக்குத் துணிச்சலைக் கூட்டுகின்றன என்று சாம் பெல்ட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1975இல் வாதிட்டார். அதை மறுத்தவர்கள் நிறைய. கோவை ரோட்டில் தன் காலைப் பார்க்கும்போது லாரிக்காரரால் அவ்வளவு சுலபமாக மறுக்க முடியவில்லை.

சின்ன வயதில் அப்பாவின் ராஜ்தூத் பைக் டேங்கின்மேல் உட்கார்ந்து லாரிக்காரர் சந்தைக்குப் போயிருக்கிறார். சூடான டேங்க், முகத்தில் மோதும் காற்று, பின்னால் அப்பாவின் நெஞ்சு. ஹெல்மெட் என்ற பேச்சே வீட்டில் கிடையாது. லாரிக்கு மட்டும் அப்பா ஒவ்வொரு லோடுக்கும் முன்னால் சுற்றிவந்து வீல் நட்டைத் தட்டிப் பார்ப்பார். அப்பாவும் மேஸ்திரியும் ஒரே வார்ப்பு. அடுத்தவன் உயிருக்குப் பொறுப்பு உண்டு, தன் உயிர் தன் பாடு என்ற நினைப்பு. இது அலட்சியமா, ஒருவகை நாணயமா? நாணயம் என்றால், டேங்கின்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளை யார் கணக்கில் சேர்த்தி?

இப்போது மகன் ஈரோட்டில் காலேஜுக்குப் போய்வர பைக் கேட்கிறான். "பைக்கெல்லாம் ஆகாது, காரையே குடுத்துருங்க" என்கிறார் மனைவி. காரில் அனுப்பினால் மகனுக்குப் பயம் குறைவு. பதினெட்டு வயதுப் பையன் கையில் கார் இருந்தால் ரோட்டில் போகிறவர்களுக்கு அப்படியா? இதை வீட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. மேஸ்திரியிடம் அந்த வாரைப் பற்றியும் கேட்கவில்லை; கேட்டால் என்ன பதில் வரும் என்று ஒருநாள் நினைப்பதை மறுநாள் மாற்றிக்கொள்கிறார். பைக்கா காரா என்று முடிவாகும்வரை மகன் பஸ்ஸில்தான் போய்வருகிறான், அதுவும் படிக்கட்டில் நின்றபடி என்று கேள்வி.