கடலைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு திருமணப் பேச்சில் அமர்ந்திருந்தோம். இரு வீட்டாரும் ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள். வழிவந்த கூட்டம் மட்டும் வேறு. மாப்பிள்ளையின் பெரியவாப்பா நிறையப் படிக்கிறவர். "கடலில் கிடக்கும் முள்ளெலிகூடத் தன் இனத்து வித்தைத்தான் ஏற்கிறது, மற்றவற்றுக்குக் கதவை அடைத்துவிடுகிறது. படைப்பின் ஒழுங்கே அப்படியிருக்க, நாம் மாறி நடக்கலாமா?" என்று கேட்டார். பெண்ணின் தந்தை பேசாமல் நம் முகத்தைப் பார்த்தார். நமக்கு விடை வரவில்லை. எறும்பின் உழைப்பையும் தேனீயின் கட்டுப்பாட்டையும் காட்டி முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நாம், முள்ளெலியை மட்டும் எந்த வாயால் மறுப்பது?

பிறகு அச்செய்தியைத் தேடிப் படித்தோம். குடும்பத்தார் வாசிக்கும் இதழில் வித்து, முட்டை என்றெல்லாம் எழுதலாமா என்பார்க்கு, நம் ஃபிக்ஹுக் கிதாபுகள் இதனினும் வெளிப்படையாகப் பேசுபவை என்பதே நம் மறுமொழி.

பெரியவர் கூறிய செய்தி பொய்யன்று. கடல் முள்ளெலிகளில் ஆணும் பெண்ணும் கூடுவதில்லை. ஆண் வித்தையும் பெண் முட்டையையும் நீரில் விட்டுவிடும். ஒரே பாறைப் பகுதியில் பல இனங்கள் வாழ்வதுண்டு. அவற்றின் வித்துகள் ஒரே நீரில் கலக்கவும் கூடும். எது எதனோடு சேர்வது? 1977இல் அமெரிக்காவில் விக்டர் வாக்கியரும் கேரி மோயும் ஊதா நிறக் கடல் முள்ளெலியின் விந்தணுவிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். முட்டையோடு ஒட்டவைப்பதால் அதற்குப் 'பைண்டின்' என்று பெயர். தனியே எடுத்து இட்டபோதும் அது தன் இனத்து முட்டைகளையே ஒட்டித் திரளச் செய்தது.

அபலோனி என்னும் கடல் நத்தையின் கதை இன்னும் நுட்பமானது. காது போன்ற ஓடுடைய அந்நத்தையின் விந்தணுவிலுள்ள 'லைசின்' என்னும் புரதம் முட்டையின் உறையில் துளை செய்கிறது. அமிலம் போல் அரித்து அன்று. உறையின் இழைகளிலுள்ள ஒரு பெரும் புரதத்தைப் பற்றிக்கொண்டு இழைகளை விலக்குகிறது. பாயை அறுக்காமல் கோரையை ஒதுக்கி விரல் நுழைப்பது போல. அப்பெரும் புரதத்தில் ஏறத்தாழ ஒரே அமைப்பு 22 முறை அடுத்தடுத்து வருகிறது. அது பூட்டு, லைசின் திறவுகோல். இத்திறவுகோல் இனத்துக்கினம் மிக விரைவாக மாறியிருப்பதுதான் ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்தியது. பூட்டு சிறிது சிறிதாக மாறிக்கொண்டே வர, திறவுகோல் அதனைத் துரத்தி மாறுகிறது என்று 1998இல் வில்லி சுவான்சனும் வாக்கியரும் விளக்கம் கூறினர். பெரியவர் நிலையான ஒழுங்கு என்று எண்ணிய இடத்தில் ஓயாத மாற்றம் நடக்கிறது!

செய்தி சரி, அதிலிருந்து அவர் எடுத்த தீர்ப்பு சரியா? தமிழில் 'இனம்' என்ற சொல் இங்கே நம்மை ஏமாற்றிவிடுகிறது. உயிர்வகையும் இனம், உறவுக் கூட்டமும் இனம். மன்திக் படித்தவர்க்கு இக்குழப்பம் வரக்கூடாது; மனிதன் ஒரே 'நவ்உ', கபீலாக்கள் அதற்குள் அடங்கியவை. மேலும் ஒன்றின் தீர்ப்பை மற்றொன்றுக்கு ஏற்ற, இரண்டுக்கும் பொதுவான 'இல்லத்து' வேண்டும். கடலில் வேற்று உயிர்வகை கலந்தால் முட்டை வீணாகலாம். அடுத்த தெருவில் பெண் எடுத்தால் எது வீணாகிறது? இதற்குத்தான் உசூல் நூலார் 'கியாஸ் மஅல் ஃபாரிக்' என்று பெயரிட்டனர்.

ஆயினும் எதிர்வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. ஒரே வகைக்குள்ளும் தேர்வு உண்டு. எக்கினோமெட்ரா என்னும் முள்ளெலியின் முட்டைகள் தம்மையொத்த பைண்டின் உடைய வித்தையே அதிகம் ஏற்பதை 1999இல் ஸ்டீபன் பலும்பி காட்டினார். பெரியவர் இதைப் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் 2006இல் லெவிட்டனும் ஃபெரெலும் சிவப்புக் கடல் முள்ளெலியில் கண்டது வேறு. வித்து அரிதாயிருக்கும்போது பலரிடமும் உள்ள பைண்டின் வகைக்கு ஆதாயம். நெருக்கம் மிகும்போது அரிய வகையைச் சேர்ந்த பெண்ணுக்கே ஆதாயம். ஏனெனில் ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணு நுழைந்தால் அக்கரு அழியும். ஆர்பேசியா என்னும் இன்னொரு முள்ளெலிச் சாதியிலோ பைண்டின் வகைக்கு வகை பெரிதும் மாறவேயில்லை. இம்மூன்றில் எதனை நம் ஜமாஅத்துக்குச் சட்டமாக்குவது?

அப்படியாயின் நம் எறும்பும் தேனீயும்? இதை நினைத்துச் சில இரவுகள் உறங்கவில்லை. சோம்பல் தீது என்பது எறும்பைக் காணுமுன்பே நாம் அறிந்தது. எறும்பு நினைவூட்டியது, தீர்ப்பளிக்கவில்லை. அதே தேனீக்கள் குளிர்காலம் நெருங்கும்போது ஆண்களைக் கூட்டைவிட்டுத் துரத்துவதை நாம் ஒருநாளும் பாடத்தில் சொன்னதில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டோம், வேண்டாததை விட்டோம். பெரியவர் செய்ததும் அதுவே. படைப்பு அத்தாட்சி, சிந்திப்பதற்குரியது. அதை முன்பே முடிவு செய்த வழக்குக்குச் சாட்சியாக இழுப்பது வேறு செயல்.

திருமணத்தில் 'குஃபு' பற்றிக் கிதாபுகளில் தனிப் பாடமே உண்டு. எவையெவை அதில் அடங்கும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமையும் உண்டு. அவ்வழக்கை அங்கே வைத்துப் பேசியிருக்கலாம். பெண்ணின் குணத்தையும் பையனின் உழைப்பையும் பற்றியும் பேசியிருக்கலாம். அன்று அவற்றை யாரும் எடுக்கவில்லை, நாமும் எடுக்கவில்லை. பேச்சு அத்தோடு நின்றது. இவ்விதழின் ஒரு படியைப் பெரியவருக்கும் மற்றொன்றைப் பெண்ணின் தந்தைக்கும் அனுப்ப எண்ணியுள்ளோம். நாள் கடந்த விடைதான்.