சட்டையும் நாணயமும்

வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே புத்திமதிதான். சட்டைக்கு இஸ்திரி போடு, ஷூவுக்குப் பாலிஷ் போடு, கண்ணைப் பார்த்துப் பேசு, கையை அழுத்திக் குலுக்கு, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போய் நில். அப்போதான் உன்மேல் நல்ல அபிப்பிராயம் உண்டாகும், நம்பிக்கை வரும். ஆளுமை வளர்ச்சிப் புத்தகங்கள் இதைப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. புத்திமதி தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் மனசு வெறும் சிலேட்டு, அதில் நம் பிம்பத்தை நாமே எழுதிக்கொள்ளலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. நம் விஷயத்தில் அந்தச் சிலேட்டில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் நாமல்ல.

எழுதியதற்குச் சாட்சி இருக்கு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியால் மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. தங்கம், வெள்ளி நகை கூடாது. வீட்டில் மண்பாத்திரம்தான் இருக்கணும். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த வருஷம், 1931இல், தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பட்டியலை இன்றைய நேர்முகத் தேர்வுப் புத்திமதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கூடாது என்றவைதான் இங்கே கட்டாயம் என்கிறார்கள். அழுக்காக இருந்தால் "இவனுங்க சுத்தமில்லாதவனுங்க." வெளுத்த சட்டை போட்டால் "திமிரு ஏறிப்போச்சு." 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதன் பிறகு நம் பையன்கள் போடும் ஜீன்ஸும் கூலிங்கிளாசும்கூட மேடைகளில் குற்றச்சாட்டாகச் சொல்லப்பட்டன. என்ன உடுத்தினாலும் குற்றம் என்றால் குற்றம் துணியிலா இருக்கு?

நம் தோழர்களில் சிலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "கோட்டு, சூட்டு, நுனிநாக்கு இங்கிலீஷ் எல்லாம் நடுத்தர வர்க்க மயக்கம்தானே? மேல்சாதியைப் பார்த்து ஏன் வேஷம் கட்டணும்?" எளிமை யாருக்கு எளிது என்று அவர்கள் யோசிக்கணும். 1921இல் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றினார். அது அவர் விருப்பம். போட இருந்த சட்டையைத்தான் அவர் கழற்றினார். ஒன்பது வருஷம் கழித்து, மதுரைக்குப் பக்கத்திலேயே, சட்டை போட்டதற்காக மனிதர்கள் அடிபட்டார்கள். அவர்களிடம் போய்த் துறவைப் பற்றிப் பேச முடியுமா? 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர், தீண்டத்தகாதவள் என்று அடையாளம் காட்டும் சேலைக்கட்டையும் கனத்த வெள்ளி நகைகளையும் விட்டொழிக்கச் சொன்னார். அது அலங்காரத்துக்கான யோசனை இல்லை. உடம்பின்மேல் மற்றவன் குத்திய முத்திரையை அழிக்கும் வேலை. ஆகவே இஸ்திரிச் சட்டை நமக்கு உரிமை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கேள்வி அதற்கு அடுத்தது. சட்டை போட்டாச்சு, நம்பிக்கை வந்துவிட்டதா?

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இங்கே சட்டையும் இல்லை, கைகுலுக்கலும் இல்லை, வெறும் காகிதம். அதே ஆண்டில் வெளியான ஒரு ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பேட்டி கண்ட நிறுவன அதிகாரிகள், தகுதிதான் முக்கியம் என்றார்கள். அதே வாயால், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் விசாரிப்போம் என்றும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி எழுதுவது பெரும்பாலும் இல்லை. அதனால் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள்: "தம்பி எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?"

அந்தக் கேள்விக்குப் பயந்து ஊரை மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களைப் பழிக்க மாட்டேன். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்கு 1917இல் பரோடாவில் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கும்பல் வந்து அவரை வெளியேற்றியது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பெயரை மறைக்க வைத்த சமூகத்தை விட்டுவிட்டு, மறைத்தவனிடம் போய் உண்மையைப் பற்றிப் பாடம் நடத்துவது அயோக்கியத்தனம். ஆனால் மறைப்புக்குக் கிடைத்தது பத்து நாள் இடம்தான். அந்த நம்பிக்கை இல்லாத ஒரு பார்சிக்காரர்மேல் வைத்தது. அம்பேத்கர்மேல் யாரும் வைக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எதை மறைத்தால் மதிப்பு என்று ஊர் சொன்னதோ அதையே தலைப்பில் அச்சடித்தார். அந்தத் துணிச்சலை வாடகை வீடு தேடி அலையும் ஒரு இளைஞனிடம் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அப்படி ஒரு வழி இருந்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கணும்.

இன்னொரு சுமையும் உண்டு. மற்றவன் ஒருநாள் தாமதமாக வந்தால் அவன் தாமதமாக வந்தான், அவ்வளவுதான். நம் ஆள் வந்தால் "கோட்டாவில் வந்தா இப்படித்தான்." அவன் நழுவவிட்ட பத்து நிமிஷம் ஒரு சனத்தின் கணக்கில் ஏறுகிறது. அதனால் இரண்டு மடங்கு உழைத்து, இரண்டு மடங்கு சுத்தமாக, ஒருபோதும் கோபப்படாமல் இருக்கிறான். இதை நல்ல பிம்பம் என்று பாராட்டுகிறார்கள். நான் இதைத் தண்டம் என்கிறேன். சாதாரணமாக இருந்தும் நம்பப்படுவது மற்றவர்களுக்குப் பிறப்போடு கிடைக்கிறது. நமக்கும் அதுதான் வேணும்.

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். காசு செல்லும், செல்லாது என்று சொல்கிற அதிகாரம் அதை அடிக்கிறவன் கையில். நேர்மை அப்படி இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது, வேலையை ஒழுங்காய்ச் செய்வது, சங்கத்துப் பணத்துக்குக் கணக்கு வைப்பது, பின்னால் வரும் நம் பிள்ளைக்குக் கதவைத் திறந்து பிடிப்பது, இதெல்லாம் நம் கையில் இருக்கு. அடுத்தவன் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்பது முழுசாக நம் கையில் இல்லை.

ஆகவே நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளையிடம் நான் இதைத்தான் சொல்வேன். நல்லா உடுத்திக்கிட்டுப் போ. உன் தாத்தாவுக்குத் தடுக்கப்பட்ட துணி அது. கண்ணைப் பார்த்துப் பேசு. வேலை கிடைக்கலேன்னா சட்டையில் எங்கே கறைன்னு தேடாதே. உன்னை நம்புவதற்கு என்ன தடைன்னு அவங்கதான் சொல்லணும், அதைக் கேட்க நாங்க இருக்கோம்.