பனையைப் பற்றிய ஆல்

புத்தூர்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களை அடுத்த பனங்கூடல்களில், நெடும்பனை ஒன்றை ஆலோ அரசோ சுற்றிப் பிடித்து நிற்பது புதுமையல்ல. அடியில் யாராவது ஒரு சூலத்தை ஊன்றினால் அன்றிலிருந்து அது வைரவர் கோயில். பனை சிவம், ஆல் சக்தி, இரண்டும் கலந்து ஒன்றாயின என்று கும்பிடுவோரும் உண்டு.

கலக்கவில்லை. ஐரோப்பாவில் ஒரு வகை ஓக்கின் மகரந்தம் இன்னொரு வகையின் பூவில் சேர்ந்து கலப்பினம் முளைக்கிறதே, அப்படி எதுவும் இங்கே நடப்பதில்லை. பழந்தின்ற காகமோ மைனாவோ மட்டை இடுக்கில் எச்சமிடுகிறது. தேங்கிய குப்பையில் விதை முளைத்து, வேர் பனையைப் பற்றியபடி நிலத்துக்கு இறங்குகிறது.

அப்படியானால் கொலையா? ஆல் நெரித்துக் கொல்கிறது என்பார்கள். ஆண்டுதோறும் பருக்கும் மரங்களுக்கு அது பொருந்தும். பனையின் தண்டு அப்படிப் பருப்பதில்லை. சாறு ஓடும் நார்களும் உள்ளெங்கும் பரவிக் கிடக்கின்றன. பனை தோற்பது பெரும்பாலும் வெயிலுக்கான போட்டியில், வட்டுக்கு மேல் ஆலங்கிளை கவிந்த பிறகு.

சைவ சித்தாந்திக்கு இது சங்கடமான மரம். 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டாருக்கு அத்துவிதம் என்பது ஒன்றாகிப்போவதல்ல, பிரிந்து நில்லாமை. முத்தியிலும் உயிர் அழிவதில்லை. பனையும் ஆலும் சில காலம் இதற்கு நல்ல உவமை. பிறகு பனை பட்டுப்போகிறது, உவமையும் கூடவே.

ஹவுரா தாவரவியல் பூங்காவின் பேராலமரம் ஓர் ஈச்சமரத்தில் முளைத்ததாகச் சொல்கிறார்கள். ஈச்சை எப்போதோ போயிற்று. பூஞ்சை அரித்த அடிமரத்தையே 1925இல் அகற்றிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான விழுதுகள் இன்றும் நிற்கின்றன. இதில் எது அந்த மரம்?

வௌவாலுக்கும் குக்குறுவானுக்கும் இந்தக் கேள்வி எழுவதில்லை; பழம் இருந்தால் போதும். ஆலின் பூவைக் கருவுறச் செய்வது அதற்கே உரிய ஒரு சிறு குளவி, அரசுக்கு வேறொன்று. வளர்ந்த குளவியின் ஆயுள் ஓரிரு நாள்தான். எல்லா ஆலும் ஒரே காலத்தில் காய்த்தால் குளவியின் வம்சமே அற்றுவிடும். அதனால் மற்ற மரங்கள் வெறுமையாக நிற்கும் மாதத்திலும் எங்காவது ஓர் ஆல் பழுத்திருக்கும். பட்ட பனையின் பொந்தில் கிளி குடியேறும். உயிரோடிருக்கும் பனையும் சும்மா நிற்கவில்லை: அதன் ஓலையில்தான் பனை உழவாரன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கிறது.

ஆகவே கருப்பநீரும் ஓலையும் தரும் பனையில் தளிர்த்த கன்றை, வேர் நிலத்தைத் தொடுமுன் எடுத்துக் குளக்கரையில் நடுவதில் பாவமில்லை. ஆலுக்குப் பனை கட்டாயமல்ல. வெறும் மண்ணிலும் வளரும். சூலம் வந்துவிட்டால் இந்த யோசனை செல்லாது. அந்த ஆலின்மேல் கத்தி வைக்க ஊரில் ஒருவரும் வரமாட்டார்.