நல்லவருக்கு நாம் இடும் பெயர்கள்

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. 'குட்' என்னும் ஒரே அடைமொழியை எல்லாவற்றிற்கும் எழுதாதே. அதற்கு இணையான வேறு சொற்களைத் தேடி எழுது என்பார்கள். பிள்ளைகளும் 'நைஸ்', 'ஃபைன்', 'கைண்ட்', 'எக்ஸலண்ட்' என்று வரிசையாக எழுதுவார்கள். எழுதிய பின்புதான் சிக்கல் தொடங்கும். மனிதருக்குப் பொருந்தும் 'கைண்ட்' துணிக்குப் பொருந்தாது. துணிக்குப் பொருந்தும் 'ஃபைன்' மனிதருக்கு வரும்போது வேறொரு பொருள் தரும்.

இந்தத் தேடல் நமக்குப் புதிதன்று. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைச் செய்யுளில் தொகுத்து வைத்தன. அவ்வழியில் வந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்து, சொற்களை அகரவரிசையில் தந்தார். ஆயினும் நிகண்டோ அகராதியோ சொற்களை ஒரே வரிசையில் சமமாக அமர்த்திவிடுகின்றன. அவற்றை எடையிட்டு மேலும் கீழுமாக வைப்பது நம் நாவுதான்.

'நல்ல' என்னும் சொல்லைப் பாருங்கள். கோவைப் பகுதியில் 'நல்ல தண்ணி' என்றால் குடிக்கத்தக்க நீர், மற்றது உப்புத்தண்ணி. சிறுவாணி நீரைக் குடித்துப் பழகியவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. எள்ளின் எண்ணெய் நல்லெண்ணெய். திருப்பூர் வணிகருக்கு 'நல்ல பார்ட்டி' என்றால் சொன்ன தவணையில் பணம் தருபவர். அவர் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது அச்சொல்லில் அடங்காது. நஞ்சுடைய நாகமும் நமக்கு நல்ல பாம்பே. அச்சமும் சில வேளை இந்த அடைமொழியைத் தந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று. 'நன்று' என்னும் சொல்லுக்குப் 'பெரிது' என்ற பொருள் உண்டு என்று தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. அந்தப் பழைய உறவு இன்றும் அறவில்லை. 'நல்ல நாள், பெரிய நாள்' என்று இணைத்தே பேசுகிறோம். ஆங்கிலேயர் 'குட்' என்று அடைகொடுத்த வெள்ளிக்கிழமை நமக்குப் பெரிய வெள்ளி. அதில் குறையொன்றும் இல்லை, அழகான வழக்கே.

ஆனால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் பேசும்போது 'நல்ல இடம்' என்கிறோமே, அங்கேதான் இவ்வுறவு நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. தோட்டம் எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் உண்டா, பையனுக்குச் சம்பளம் என்ன என்று விசாரித்து, விடைகள் நிறைவளித்தால் நல்ல இடம் என்று முடிவு செய்கிறோம். வாய்விட்டுக் கேட்காத சாதிக் கேள்வியும் அந்த 'நல்ல'வுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரே திருப்பலியில் பங்குகொண்டு, ஒரே பந்தியில் நற்கருணை உட்கொள்ளும் நம் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. பையன் பொய் சொல்லாதவனா, பெற்றோரைப் பேணுபவனா என்ற கேள்விகள் கடைசியில் வந்தால் உண்டு, வராமலும் போகும்.

அப்படியானால், உண்மையிலேயே நல்லவராக வாழ்பவரை என்ன சொல்லி அழைக்கிறோம்? அவருக்கும் நம்மிடம் இணைச்சொற்கள் நிறைய உண்டு. அப்பாவி, வெள்ளந்தி, வெகுளி, ஏமாளி, சூதுவாது தெரியாதவர். வெகுளி என்றால் வள்ளுவர் காலத்தில் சினம். இன்று சினக்கத் தெரியாதவருக்கு அது பெயராகிவிட்டது. பிறர் கடனுக்குப் பிணை நின்று தம் காட்டை விற்றவரைப் பற்றி நம் ஊரில் எப்படிச் சொல்வார்கள்? "நல்ல மனுசனுங்க, ஆனாப் பொழைக்கத் தெரியாதுங்க." அந்த 'ஆனா'வில் இரக்கம் இருக்கிறது, நான் அப்படியில்லை என்ற ஆறுதலும் இருக்கிறது. இன்னும் இரக்கம் மிகுந்தால் "பாவம்" என்போம். தீவினைக்கு உரிய சொல்லைத் தீங்கறியாதவருக்குச் சூட்டுகிறோம்!

இது தமிழரின் தனிக்குறை அன்று. ஆங்கிலத்தில் இன்று 'மடத்தனமான' என்று பொருள்படும் 'சில்லி', ஒரு காலத்தில் 'பேறுபெற்ற' என்னும் பொருளில் வழங்கியது. 'நைஸ்' அதற்கு எதிர்த்திசையில் நடந்தது. 'அறியாத' என்னும் இலத்தீன் சொல்லில் பிறந்து, 'இனிய' என்று உயர்ந்தது. அறிவு வளர்ச்சி குன்றியவரைக் குறிக்க வழங்கிய 'கிரெட்டின்' என்னும் சொல், ஆல்ப்ஸ் மலைப்பகுதிப் பிரெஞ்சில் 'கிறிஸ்தவன்' என்பதன் திரிபு. அவரும் நம்மைப்போல் ஒரு மனிதரே என்ற இரக்கத்தில் பிறந்த பெயர் என்பர். பின்னர் அது வசைச்சொல்லாயிற்று.

நம் ஆண்டவர் இந்த அடைமொழியை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. நிலைவாழ்வுக்கு வழி கேட்டு ஓடிவந்து முழந்தாளிட்ட ஒருவர், அவரை 'நல்ல' என்ற அடையோடு விளித்தார். ஏன் என்னை அப்படி அழைக்கிறீர் என்று அவர் திருப்பிக் கேட்டதையும், அச்சொல்லைக் கடவுளுக்கே உரியதாக்கியதையும் மாற்கு பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். வந்தவர் கட்டளைகளைக் கடைப்பிடித்தவர், சொத்து மிகுந்தவர். நம் வழக்கில் சொன்னால், நல்ல இடத்துப் பிள்ளை. அங்கே வரும் கிரேக்கச் சொல் 'அகத்தோஸ்'. யோவான் நற்செய்தியில் தம்மை நல்ல ஆயர் என்று அவரே கூறும்போது வருவது 'காலோஸ்' என்னும் வேறு சொல். அழகும் அதன் பொருள். உடனே அதற்கு அளவுகோலும் தருகிறார்: ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பது. 'நல்ல சமாரியர்' என்கிறோம்; லூக்காவின் உவமையில் அவருக்கு அந்த அடைமொழியே இல்லை. அவர் இரங்கினார், காயத்தைக் கட்டினார், சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார் என்று வினைகள்தாம் வருகின்றன.

தமிழில் பிழைத்தல் என்பதற்கு இரு பொருள்கள். ஒன்று, உயிரோடு எஞ்சுதல், வாழ்வு நடத்துதல். மற்றொன்று, தவறு செய்தல். 'பிழைக்கத் தெரியாதவர்' என்று சொல்லும்போது முதற்பொருளையே எண்ணிச் சொல்கிறோம். மற்றவர்களைக் காப்பாற்றிய இவருக்குத் தம்மைக் காத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று சிலுவையடியில் தலைமைக் குருக்கள் நகைத்ததும் அதே பொருளில்தான்.